ஐந்தாம் கிரேடு

பக்கவாதம் வந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் தீவில், கிங்ஸ்டன் அரசு ஆஸ்பத்திரியில் தூக்கித் தூக்கியே என் இடுப்பு போய்விட்டது. பிசியோதெரபிஸ்டுக்கே இடுப்பு வலியா என்று சிரிப்பார்கள் என்பதால் வெளியே சொல்வதில்லை. சம்பளமோ மாதப் பாதியைத் தாண்டாது.

அதனால் இங்கிலாந்து ஆஸ்பத்திரி வேலைக்கு விண்ணப்பித்தேன். அங்கே எங்களுக்குக் கிரேடு உண்டு. நேற்று படித்து முடித்தவருக்கு ஐந்து, அனுபவசாலிக்கு ஆறு. ஆறு கிடைத்தால் வீடு பிடித்து மகள் ஷான்யாவையும் கூட்டிப்போகலாம். ஐந்து என்றால் யாரோ ஒருத்தியோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டு நான் மட்டும் இருக்க வேண்டும்.

ஸ்டோர் ரூமில் ஊன்றுகோல்களுக்கு நடுவே உட்கார்ந்து வீடியோவில் நேர்காணல் கொடுத்தேன். நரம்பு, மூட்டு எல்லாம் கேட்டார்கள், தடங்கலில்லாமல் சொன்னேன். கடைசியாக ஓர் அம்மாள் கேட்டார்: "நோயாளி இன்னைக்கு எழுந்திருக்க மாட்டேங்கறார். என்ன பண்ணுவீங்க?"

வாய் முந்திக்கொண்டது. "எந்த நோயாளிம்மா உடனே எழுந்திருக்கார்? 'மிஸ்டர் பின்னக், உங்க பழைய சிநேகிதி வாசல்ல நிக்கறா, படுத்துக்கிட்டேவா பார்ப்பீங்க'ன்னு கிண்டல் பண்ணுவேன். அவர் சிரிக்கறப்போ கக்கத்துல கையைக் குடுத்துத் தூக்கிடுவேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

இங்கே எல்லோரும் செய்வது இதுதான். தூக்கட்டுமா என்று அனுமதி கேட்டால், இவளுக்கு வேலை தெரியாது, வேறு ஆளைக் கூப்பிடு என்பார்கள்.

முடிவு வந்தது: ஐந்து. எனக்கு முன்பே இங்கிலாந்துக்கு, லீட்ஸ் நகருக்குப் போய்விட்ட தோழி வின்சமுக்குப் போன் செய்து, நான் சொன்ன பதிலைச் சொன்னேன்.

"சம்மதம் கேப்பேன், மறுத்தா எழுதி வெச்சுட்டு மத்தியானம் திரும்பப் போவேன். இதைத்தானேடி சொல்லச் சொன்னேன்?"

"மத்தியானமும் மாட்டேன்னா?"

"மறுபடி எழுது."

"நீ அப்படியா செய்யற?"

"முதல்ல அழுதேன் நோவ்லெட். இப்ப எழுதறேன்."

வேறு வழி உண்டா என்று கேட்டேன். முதியோர் இல்லத்தில் உதவியாள் வேலை உண்டாம், ஐந்துக்கும் கீழே. கேமன் தீவில் ஒரு கிளினிக் இருக்கிறதாம், அங்கேயும் பிள்ளையைக் கூட்டிவரக் கூடாதாம். எனக்குக் கேட்கவே அலுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் ஷான்யா பெட்டியைத் திறந்துவைத்து, இரண்டு பேர் துணிகளையும் அடுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, மாண்டெவில்லில் வெர்னா அத்தை வீட்டில் அவள் இருக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன்.

"எதுவரைக்கும்?"

"எனக்கு ஆறாம் கிரேடு வர்றவரைக்கும்."

"யாரு குடுப்பா?"

"அவங்கதான்."

"நீ நல்லா வேலை செய்வியே மம்மி. அவங்களுக்குத் தெரியாதா?"

அவள் அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தேன். அவளோ குனிந்து, தன் கவுன்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கத் தொடங்கினாள்.

"உனக்குக் குளிர் கோட்டு வாங்கணும்ல. அதுக்கு இடம் வேணும்."

நான் போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கை நின்றிருக்கும். பெட்டியில் அவள் பக்கம் முழுக்கக் காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.