தேதி போடாத கடிதம்

என் உயரத்துக்கு இன்னொருத்தி இருந்திருக்கிறாள்.

உட்கார்ந்ததும் அவளுக்குள் வந்த முதல் நினைப்பு அதுதான். எந்தக் காரில் ஏறினாலும் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளாமல் அவள் கால் பிரேக்குக்கு எட்டாது. இதில் பாதம் தானாகப் போய் அமர்ந்தது. முதுகு சாயவேண்டிய இடத்தில் சாய்ந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியில், சூடு ஆறுமுன் உட்கார்ந்துவிட்டதுபோல் கூசியது. ஆனால் கார் நான்கு மாதமாக இந்தத் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. கடன் கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார்.

"உங்களுக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு மேடம்," என்றார் அவர், ஜன்னலில் குனிந்து.

"அளவு குடுக்காமயே தைச்சிருக்கீங்களே," என்றான் அவள் கணவன். அவன் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான். வீடுகளுக்குத் தரையில் ஓடு பதிக்கிறவன். எஞ்சினைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிந்த அளவுதான். இருந்தாலும் இரண்டு முறை "ம்ம்" என்றான்.

பெல்ட்டை இழுத்தபோது கழுத்துப் பக்கத்தில் மெத்தென்று ஏதோ பட்டது. பழைய துண்டில் வெட்டி, பெல்ட்டைச் சுற்றித் தைத்திருந்த உறை. குள்ளமானவர்களுக்குத்தான் அந்த இடத்தில் பெல்ட் அறுக்கும். தையல் நெருக்கமாக, பொறுமையாக இருந்தது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். ரிப்பேருக்கு வரும் கண்ணாடியின் கோணலைப் பார்த்தே அதைப் போடுகிறவர் எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறார் என்று சொல்லிவிடுவாள். கடையில் அது ஒரு வேடிக்கை. இங்கே வேடிக்கையாக இல்லை. பார்க்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் பின்வழி தெரியவில்லை. பின் சீட்டின் இடது மூலை தெரிந்தது.

அவளும் தன் காரில் அப்படித்தான் திருப்பி வைத்திருந்தாள். அந்த மூலையில்தான் சின்னவள் உட்காருவாள். ஐந்து வயது. மூச்சிழுப்பு வரும்போது தொண்டைக்குழி உள்ளே போகும். அது எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒவ்வொரு சிக்னலிலும் பார்க்கவேண்டும். போன மாதம் பாலத்தின் நடுவில் கார் நின்றுபோனபோது பின்னால் ஹாரன்கள் அலற, அந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருவர் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டார். மறுநாள் மெக்கானிக், "இதுக்கு மேல இதுல காசு போடுறதுக்குப் பதிலா வாசல்ல ஒரு டாக்ஸிய நிரந்தரமா நிறுத்தி வெச்சுக்கலாம்மா," என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. புதுக் கார் என்றால் பேங்க் கேட்கும் முன்பணம் கையில் இல்லை. ஷோரூமில் முன்பணம் வேண்டாம் என்றார்கள். ஏழு வருடம் கட்டச் சொன்னார்கள், வட்டியைக் கூட்டிப் பார்த்ததும் கணவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டான். அவளுடைய கடை ஊழியர் சங்கத்தில் கடன் கிடைக்கும், குறைந்த வட்டி. ஆனால் ஆறு வாரம் காத்திருக்கவேண்டும், அந்தத் தொகைக்குப் பன்னிரண்டு வருடப் பழசுதான் வரும். "நம்ம வண்டிக்குத் தம்பிய வாங்கிட்டு வருவோம்னு சொல்லு," என்று அவன் சிரித்தான். அப்போதுதான் இந்த இடத்தைப் பற்றி யாரோ சொன்னார்கள். தவணை கட்டாதவர்களிடமிருந்து கம்பெனி எடுத்துவந்த வண்டிகள். விட்ட இடத்திலிருந்து தவணையைத் தொடர்ந்தால் போதும். இன்றே ஓட்டிக்கொண்டு போகலாம்.

அறுபது தவணையில் இருபத்தொன்பது கட்டியாகிவிட்டது. முப்பதாவது என்னுடையது, என்று நினைத்துக்கொண்டாள். பாதி எழுதிய வரியை இன்னொருத்தி தொடர்வதுபோல.

"இவங்களுக்கு ஏன் கட்ட முடியாமப் போச்சு?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் நமக்கெதுக்கு மேடம்? பேய் வீடா வாங்குறீங்க, கார்தானே!" கம்பெனிக்காரர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

கணவனும் சிரித்தான். அவள் பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது என்று தெரியும். அந்த ஒன்றுமில்லாததைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆபீஸ் அறை கொட்டகையின் ஒரு மூலையில், கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. கடன் அவள் பெயரில். மாதாமாதம் சம்பளச் சீட்டு வருவது அவளுக்குத்தான். கணவனுக்குப் பணம் வந்தால் மொத்தமாக வரும், வராவிட்டால் மாதக்கணக்கில் வராது. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். கை சரளமாகத்தான் போனது. மலிவாகக் கிடைக்கிறதே என்ற சந்தோஷமும் உள்ளே இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. இது மட்டும் உங்க கையாலயே எழுதணும்," என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார் கம்பெனிக்காரர். அந்தக் காரின் பழைய ஃபைலில் தேடி இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பெயர் இருந்த இடத்தை மட்டும் சீட்டு ஒட்டி மறைத்திருந்தார். "இதப் பாத்து அப்படியே எழுதுங்க. பேரை மட்டும் மாத்திக்குங்க."

வாசித்தாள். என்னால் தவணை கட்ட இயலாத காரணத்தால், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, இந்த வாகனத்தை நானே மனமுவந்து ஒப்படைக்கிறேன்.

பெரிய, உருண்டையான எழுத்து. காரை முன்பு வைத்திருந்தவள் பேனாவை அழுத்தி, நிதானமாக எழுதியிருந்தாள். வரி எங்கும் சாயவில்லை. தாளின் ஓரத்தில் ஒரு கோடு வளைந்து நெளிந்து மேலே ஏறிப் போயிருந்தது. மடியில் இருந்த குழந்தை கையை நீட்டிப் பேனாவைப் பிடுங்கியிருக்கவேண்டும். வண்டியை இழக்கிறவளின் எழுத்து இப்படி இருக்காது. மேலே தேதி மட்டும் வேறு மையில், வேறு கையில், அவசரமாக.

"இது அவங்க வண்டிய விட்டப்ப எழுதினதா?"

"இல்ல மேடம், வண்டி எடுத்த அன்னைக்கே. எல்லாருக்கும் அப்படித்தான். தேதி நீங்க போடாதீங்க. தேவைப்பட்டா நாங்க போட்டுக்குவோம்."

"தேவைப்படாதுல்ல," என்றான் கணவன், பாதி அவளிடம், பாதி அவரிடம். "ஒரு சம்பிரதாயம். எழுதிக் குடுத்துடு."

வண்டி கிடைத்த அன்று, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இந்த வாக்கியத்தை அந்த முந்தினவள் எழுதியிருக்கிறாள். அருகில் யாராவது, ஒரு சம்பிரதாயம் என்று சொல்லியிருப்பார்கள். அதன் பிறகு இருபத்தொன்பது மாதம் இந்தத் தாள் இந்த ஃபைலுக்குள் காத்திருந்தது.

இரக்கமா இது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. முகம் தெரியாத ஒருத்திக்காக ஒரு காரை விட்டுவிடுகிற அளவுக்கு அவள் நல்லவள் இல்லை. பயமும் முழுக்க இல்லை. மீதி முப்பத்தொரு தவணையையும் அவள் கட்டிவிடக்கூடும். அந்த முந்தினவளைவிடக் கெட்டிக்காரியாகக்கூட இருக்கலாம். ஆனால் தோற்றுப்போனதைத் தோற்பதற்கு முன்பே, தன் கையெழுத்தில், மனமுவந்து என்ற சொல்லோடு எழுதிக்கொடுத்துவிட்டு ஒவ்வொரு மாதமும் அந்த வாக்கியம் எட்டிப் பிடித்துவிடாமல் அதற்கு முன்னால் ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும். அவளால் முடியாதது அதுதான்.

பேனா தாளின் மேல் நின்றது. ஒரு புள்ளி விழுந்து கொஞ்சம் பரவியது.

கணவன் அவள் பக்கம் குனிந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இன்னைக்கு விட்டா ஆறு வாரம். நடுவுல வாண்டுக்கு மறுபடி இழுத்தா என்ன பண்ணுவே?"

இந்தக் கேள்வியைத்தான் காலையிலிருந்து அவள் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் கேட்டபோது, ஆச்சரியம், அது கொஞ்சம் சின்னதாகியிருந்தது.

"டாக்ஸிக்காரர் நம்பரை வாங்கி வெச்சுக்கலாங்க. பக்கத்து வீட்டுலயும் சொல்லி வைக்கிறேன்."

"மேடம், ரெண்டே வரிதான்," என்றார் கம்பெனிக்காரர்.

அவள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். புள்ளி விழுந்த தாளை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"மன்னிச்சுக்குங்க. இதை நான் எழுத மாட்டேன்."