விதுரா ஷிஜாவின் குடை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரி முத்தாரம்மாளின் போனிலிருந்து. அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. போனுக்கு மட்டும் விடாமல் ரீசார்ஜ் செய்துவருகிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கோலப்பன் என்று ஒருவர் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவருடைய மனைவிக்கு—’

சவம், அந்த வரியை அடித்துவிட்டேன். கோலப்பன் நான்தான். எதற்கு யாரோ மாதிரி?

2

முத்தாரத்துக்குப் பாசி மேல் கிறுக்கு. மழைக்காலத்தில் எங்கள் கரமனை வீட்டு மதிலில் படருமே, அந்தப் பாசி. பெயிண்ட் அடிக்க ஆள் கூட்டி வந்தால் வாசலிலேயே விரட்டிவிடுவாள். போனோடு கிட்டப் போய்ப் படம் பிடிப்பாள்.

“அம்மா, இதுக்கெல்லாம் சைட் இருக்கு” என்று மகன் வினீத் ஒன்றில் சேர்த்துவிட்டுப் பெங்களூருக்குப் போனான். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்றில் சேர்ந்தாள். அங்கே எவனோ தினமும் குட் மார்னிங் ரோஜாப்பூ அனுப்பினான். மூன்றாவது, செடிகொடிப் பைத்தியங்களுக்கென்றே உள்ளது. அங்கேயும் பதினோரு படம் போட்டாள், ஒரு லைக் இல்லை.

“நம்ம பாசிய ஒருத்தருக்கும் பிடிக்கல போல” என்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

அன்று மத்தியானமே கடையில் உட்கார்ந்து, அதே சைட்டில் ஒரு பொய்க் கணக்குத் தொடங்கி ஷிஜாவைப் படைத்தேன். ஊர் விதுரா, பள்ளிக்கூட டீச்சர், பாசி என்றால் உயிர். [என்னை நல்லவனாகக் காட்டும் மூன்று வாக்கியங்கள் இங்கே இருந்தன. எடுத்துவிட்டேன்.]

3

ஷிஜாவும் படம் போடவேண்டுமே! விதுராவில் ஆர்டர் என்று பொய் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பக்கத்துக் கல்லாற்றில் பஸ் இறங்கி, குடையும் கையுமாகப் பாறை பாறையாக அலைந்தேன். முத்தாரத்துக்கு ஒரே குஷி.

“ஷிஜா டீச்சர் போட்டத பாத்தியளா? வெல்வெட்டுல்லா!”

ஆடி மாதம் ஒருநாள், கடையில் குத்துவிளக்கு எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஷிஜாவுக்கு மெசேஜ் வந்தது.

“டீச்சர், மார்புல கட்டி மாதிரி தட்டுது. யார்ட்டயும் சொல்லல.”

விளக்கைக் கீழே வைத்தேன். ஷிஜா தன் பாதி மலையாளத்தில் எழுதினாள்: “ஐயோ சேச்சி, உடனே டாக்டர்ட்ட போங்க. உங்க வீட்டுச் சேட்டன்ட்ட பறயணும்.”

“நானாப் போய்ச் சொல்லத் தைரியம் இல்ல. அவியளே கேக்கட்டும். கேட்டா அன்னைக்கே போவேன்.”

4

கேட்டேனா? எப்படிக் கேட்பேன்? ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்பாள். அத்தோடு ஷிஜா காலி. முத்தாரத்தின் பாசியை ரசித்த ஒரே ஆளும் பொய் என்றாகிவிடும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

தினமும் காலையில் தோசை வைத்துவிட்டு எதிரே நிற்பாள்.

“வேற என்னவும் வேணுமா?”

“ஒண்ணும் வேண்டாம்.”

ஷிஜா மட்டும் தினமும் கெஞ்சினாள்.*

நாற்பத்தோரு நாள். ஓணத்துக்கு வந்த வினீத்திடம்தான் கடைசியில் சொன்னாள். “கொஞ்சம் நேரத்தே வந்திருக்கலாம்” என்றார் டாக்டர். எவ்வளவு நாள் முன்னால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

(* ஷிஜாவின் கணக்கு இன்னும் இருக்கிறது. அழிக்கப் போனால் ‘நிச்சயமாகவா?’ என்கிறது. அதுகூடக் கேட்கிறது.)

5

இதோடு நின்றிருந்தால் இது ஒரு கோழையின் கதை, அவ்வளவுதான். போன வாரம் அவள் போனில் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷிஜா போட்ட கல்லாற்றுப் பாறை ஒன்று இருந்தது. பாசியை வெட்டிவிட்டு, மேல் மூலையை மட்டும் பெரிதாக்கிச் சேமித்திருக்கிறாள். அங்கே என் குடையின் ஓரம். கம்பி நுனியில் துணி விட்டுப்போன இடத்தை அவள்தான் பச்சை நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள்.

அவள் சேமித்த தேதியைப் பார்த்தேன். கட்டி பற்றி எழுதியதற்கு நாலு நாள் முன்பு.

அவள் டீச்சரிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு, நாற்பத்தோரு காலை தோசையோடு வந்து நின்றிருக்கிறாள்.

6

முடிவு ஒன்று: அன்று காலை நான் கேட்கிறேன். அவள்—

முடிவு இரண்டு: தட்டைத் தள்ளிவிட்டு, “முத்தாரம், சேலைய மாத்து, ஆஸ்பத்திரிக்கு—”

இவ்வளவுதான் வருகிறது. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஆட்டோவில் ஏறுகிற வரைக்குமாவது எழுதிவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நான் எழுதினால் சரிப்படாது. எந்தப் பெயரில் எழுதினாலும் நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவாள்.