சேவலுக்கும் கழுகுக்கும் ஒரே ஓட்டு

கவர்னர் தேர்தல் வந்துவிட்டால் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் அண்ணன் தம்பிகூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். பக்கத்துப் பக்கத்துப் பண்ணைக்காரர்களான எல்பர்ட்டும் ரூஃபஸும் அப்படியில்லை. எல்பர்ட்டின் கட்சிக்குச் சேவல் சின்னம், ரூஃபஸ் கட்சிக்குக் கழுகு.

"நீ போடுற ஓட்டை நான் போடுறது அடிச்சிடும். எதுக்குடா வீணா ரெண்டு குதிரையைச் சேத்துல சாகடிக்கணும்?" என்று ரூஃபஸ் எப்போதோ கேட்டார். அன்றிலிருந்து இருவரும் ஜோடி. அந்த வட்டாரத்தில் இப்படி ஜோடி சேர்ந்து, ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் உண்டு. சொன்ன சொல் தவறியவனை யாரும் மதிப்பதில்லை. தேர்தலன்று இருவரும் களஞ்சியத்தில் உட்கார்ந்து சோளம் உரிப்பார்கள், ஒருவர் கட்சியை மற்றவர் கிழிகிழியென்று கிழிப்பார்.

இந்த ஆகஸ்டில் ரூஃபஸ் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நவம்பரில் தேர்தல் வந்தது. எல்பர்ட் தனியாக உட்கார்ந்து சோளம் உரித்துப் பார்த்தார். திட்ட ஆளில்லாமல் கை ஓடவில்லை. மனைவியும் இல்லாத வீடு. மனுஷ முகம் பார்க்கவாவது போவோம் என்று வண்டியைப் பூட்டினார்.

ஓட்டுச்சாவடி வைத்திருந்த பள்ளிக்கூடத்தில் அவர் கட்சிக்காரன் ஹிராம் ஓடிவந்தான். "வாங்க மாமா! இந்தத் தடவை உங்களைக் கட்டிப்போட ஆளில்லையே. சேவலுக்கு ஒரு ஓட்டு இனாம்!"

எல்பர்ட்டுக்குச் சுருக்கென்றது. அதற்குள் சீட்டைக் கையில் திணித்துத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். எத்தனை வருஷத்து ஆசை! நீலப் பென்சிலால் சேவலுக்குக் கீழே பெருக்கல் குறி போட்டார். போட்டதும் திருடியதுபோல் இருந்தது. செத்தவன் எழுந்து வந்து பதிலுக்கு ஒரு ஓட்டு போடவா முடியும்?

பென்சிலை மறுபடி எடுத்தார். பிறகு கழுகுக்கும் ஒரு குறி போட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டார்.

வீட்டில் காத்திருக்க யாருமில்லை. பள்ளிக்கூடத்திலேயே அடுப்போரப் பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் ஓட்டு எண்ணுவதைப் பார்த்தார். எண்ணிக்கொண்டிருந்தவர் ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டுக்கும் போட்டிருக்கான்யா! செல்லாது."

கூடமே சிரித்தது. "எந்த மடப்பயல்டா அவன்?" என்றான் ஹிராம்.

எல்பர்ட்டும் சிரித்தார். இருவரில் சத்தமாகச் சிரிப்பது ரூஃபஸ்தான். சிரித்தபடியே பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். பெஞ்சின் மறுபாதி காலியாக இருந்தது.