பரிமளத்தைச் சுற்றிப் பதினாறு அடி

2021ஆம் ஆண்டு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை எட்டே காலுக்கு, நமுனுகுல மலையடியிலுள்ள ஊசிப்பாறைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், கொழுந்து எடுக்கும் பரிமளத்தைச் சுற்றிப் பதினாறு அடிக்கு போன் சிக்னல் வந்தது. பதினேழாவது அடியில் இல்லை. அதுவரை அந்தப் பிரிவில் சிக்னல் என்பதே கிடையாது. கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டு ஆசிரியர்கள் பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு போனாகத் தூக்கிக்கொண்டு பாறை உச்சிக்கு ஏறுவார்கள். அங்கே மழையும் காற்றும் மனது வைத்தால் ஒரு கோடு விழும். அன்றைக்கும் ஏறிக்கொண்டிருந்தார்கள். கூடையோடு ஏழாம் நம்பர் மலைக்குப் போன பரிமளம் அவர்களைக் கடந்தபோது பதினான்கு போன்களும் ஒரே நேரத்தில் கத்தின. அவள் போனதும் அடங்கின. பெரியவர்களாக இருந்தால் இதைப் பற்றிப் பேசிப் பேசியே ஒரு வாரத்தை ஓட்டியிருப்பார்கள். பிள்ளைகள் அவள் பின்னாலேயே போய், தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொப்பியை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆறாம் வகுப்புக்கு அன்று பின்னம் நடந்தது.

பரிமளத்துக்கு அப்போது நாற்பத்தேழு வயது. புருஷன் தவறி ஒன்பது வருடம். ஒரே மகள் யசோதினி, ஹல்துமுல்லையில் கட்டிக்கொடுத்திருந்தது. தோட்டத்தில் வேகமாகக் கொழுந்து எடுப்பவள் என்பதைத் தவிர பரிமளத்தைப் பற்றிச் சொல்ல வேறு விசேஷம் எதுவும் இருந்ததில்லை. நம்பாதவர்கள் பதுளையில் பஸ் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாம். அப்படி வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். கணக்கப்பிள்ளை நில அளவைச் சங்கிலியைக் கொண்டுவந்து நான்கு திசையிலும் அளந்தார். பதினாறு அடிதான். காய்ச்சல் வந்தால் ஒன்பது அடி. தூங்கும்போது ஒரே ஒரு கோடு, குரல் மட்டும் போகும். தண்ணீர்ப் பைப்படியில் ஒருத்தியோடு சண்டை போட்ட அன்றைக்கு இருபத்திரண்டு அடிக்குப் போய், வீடியோகூடத் தடங்கலில்லாமல் வந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு கொஞ்ச நாள் இளவட்டங்கள் வேண்டுமென்றே அவளைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள், ஈரமனசு இல்லாத பயல்கள். போன் கம்பனியிலிருந்து இரண்டு பேர் கம்பியும் பெட்டியும் கொண்டுவந்து ஒரு பகல் முழுக்க அளந்தார்கள், எழுதினார்கள், உளுந்து வடை சாப்பிட்டார்கள், அவள் சின்ன வயதில் எதையாவது விழுங்கினாளா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கம்பனியின் சிக்னல் வரைபடத்தில் ஊசிப்பாறைப் பக்கம் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி தெரியத் தொடங்கியது. பகல் பன்னிரண்டு மணிக்கு அது கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நோக்கி நகரும். பதுளையில் போன் கடை வைத்திருக்கும் மபாஸ் அதை வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவார்.

தோட்டத்துத் தலைவர் லிங்கம் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய மகன் இந்திரஜித் துபாயில் லாரி ஓட்டுகிறான். ஒரு நாள் அவன் குரல் கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர்தான் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் பேசி, பரிமளம் மலைக்குப் போக வேண்டாம், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு எதிரே இருக்கும் மதகில் உட்கார்ந்திருந்தாலே முழுப் பேர் போட்டு நாட்சம்பளம் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார். எல்லோரும் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவளும் முதல் மாதம் அப்படித்தான் நினைத்தாள். பிறகு கை பரபரத்தது. எதிரே ஏழாம் நம்பர் மலையில் மற்றவர்கள் நிரை பிடித்துப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆளும் இல்லை. நாள் முழுக்க அவளைச் சுற்றி இருபது பேராவது நின்றார்கள், ஆனால் அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு யாருடனோ பேசினார்கள். குளிக்கப் போனால் பைப்படிக்கு வெளியே நான்கு பெண்கள் போனோடு நின்றார்கள். கக்கூசுக்குப் போனால் சீக்கிரம் வரச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். பதினாறு அடிக்கு லயத்தில் நான்கு காம்பரா, அதாவது நான்கு வீடுதான் எட்டுகிறது, கடைசிக் காம்பராக்காரர்களும் மனிதர்கள்தானே என்று ஒரு வழக்கு வந்தது. தலைவர் தீர்ப்புச் சொன்னபடி பரிமளம் வாரத்துக்கு ஒரு காம்பராவில் படுத்தாள். தன் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு லயத்தை அவள் ஆறு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முன்பெல்லாம் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்கள், இவர்கள் மேல்பிரிவு வரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவார்கள். ஒரு ஞாயிறு தவறினால் மழையாக இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். பரிமளத்துக்குச் சிக்னல் வந்த பிறகு அந்தப் பொறுமை போயிற்று. அடுத்த காம்பரா தனுஜாவின் புருஷன் கட்டாரில் இருந்தான். இரண்டு மணிக்கு அவள் எடுக்காவிட்டால் இரண்டே காலுக்குள் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதினோரு தடவை போன் அடிப்பான். தனுஜா அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு மதகுக்கு ஓடுவாள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் பயல்கள் லீவில் வந்தால் முதலாளி விடியற்காலையே அடிப்பார். எடுத்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஊரில் சிக்னல் இருக்கிறது என்று இப்போது எல்லா முதலாளிமாருக்கும் தெரியும்.

2022 ஆனி மாதம் நாட்டில் பெட்ரோல் இல்லை, கரண்ட் இல்லை, டவர்களுக்கு ஊற்ற டீசலும் இல்லை. ஊரெல்லாம் சிக்னல் படுத்துக்கொண்டபோது பரிமளம் மட்டும் படுக்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் நடந்து வந்தார்கள். அந்த மாதத்தில் ஒரு நாள் காலை, தன் ஊரில் கரண்ட் வந்த நேரத்தில், யசோதினி அம்மாவைக் கூப்பிட்டாள். அவள் ஏழு மாதம். வயிற்றில் பிள்ளை அசையவில்லை போல இருக்கிறது, கொஞ்சம் வந்து பக்கத்தில் இருங்கள் என்று சொன்னாள். பெட்ரோல் உள்ள ஆட்டோ ஒன்றைத் தேடிப் பிடித்தும் விட்டார்கள். ஆனால் அன்றைக்கு ஒருவனுக்கு மலேசியா ஏஜென்சியிலிருந்து அழைப்பு வர இருந்தது, தனுஜாவின் புருஷன் வேறு காய்ச்சலில் கிடந்தான். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி லிங்கம் கையைப் பிடித்துக் கெஞ்சினார். முடியாது என்று சொல்லிப் பழகாத வாய் பரிமளத்துக்கு. இருந்தாள். ஐந்தே முக்காலுக்கு மருமகன் கூப்பிட்டான். பிள்ளை போய்விட்டது. யாருடைய குற்றமும் இல்லை, எந்நேரம் வந்திருந்தாலும் அப்படித்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார். பரிமளம் மதகில் நின்றபடி அதைக் கேட்டாள். சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லோர் காதிலும் போன் இருந்தது. தன் மகள் தனியாகக் கிடந்தாள் என்பதை நினைத்து அவள் பிறகு பல மாதம் அழுதாள், சிக்னல் குறையாமல்.

அடுத்த வருடம் யசோதினி மறுபடி முழுகாமல் இருந்தாள். தீபாவளி கழிந்து இரண்டு வாரத்தில் நாள் சொல்லியிருந்தார்கள். பரிமளம் இந்தத் தடவை ஒரு மாதம் முன்னாலேயே தலைவரிடம் சொல்லிவிட்டாள். லிங்கம் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு இரவெல்லாம் யோசித்தார். அவள் போனால் மகன் குரலும் அவளோடு பஸ் ஏறிவிடும். ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால், விழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை யாரும் தோட்டத்து எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. அதைத் துரையே மீற மாட்டார். லிங்கம் பூசாரி கணபதியிடம் போய், இந்தச் சிக்னல் அம்மன் கொடுத்த வரம், ஆகவே பரிமளத்துக்கு ஒரு காப்புக் கட்டிவிட வேண்டும் என்றார். கார்த்திகை முதல் வெள்ளியன்று மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்து அவள் வலது கையில் கட்டினார்கள். பரிமளம் திகைத்துப் போனாள். ஆனாலும் அம்மன் காப்பை அவிழ்த்தெறிகிற தைரியம் அவளுக்கு எங்கிருந்து வரும்?

லிங்கம் ஒன்றை மறந்துவிட்டார். கணபதி முறை தவறாத பூசாரி. மனிதருக்குக் கட்டுமுன் அம்மனுக்குக் கட்ட வேண்டும், அம்மனுக்குக் கட்டினால் அது ஊருக்குக் கட்டியதாகும். அவர் அந்த முறைப்படியே செய்திருந்தார், யாரும் கேட்காததால் சொல்லவில்லை. மறுநாள் பெண்கள் அடுப்பில் எண்ணெய் வைக்கப் போனபோது, காப்புக் கட்டின ஊரில் தாளிக்கக் கூடாதே என்று பூசாரி மனைவி சொல்லித்தான் விஷயம் வெளியே வந்தது. மீன் கிடையாது, தாளிதம் கிடையாது. தீபாவளிக்கு வந்து இன்னும் திரும்பாத இருபத்திரண்டு பேர் கொழும்புக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். முதலாளிமார் கூப்பிட்டபடியே இருந்தார்கள். இந்த இருபத்திரண்டு பேரும் பகல் முழுக்க மதகைச் சுற்றி நின்று, இன்றைக்கு வாறேன், நாளைக்கு வாறேன் என்று பொய் சொன்னார்கள். பரிமளம் பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்த இடத்தை விட்டு அசைய முடியாதவனை ஊரெல்லாம் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. லிங்கம் பூசாரியிடம் போய் எல்லாக் காப்பையும் அவிழ்க்கச் சொன்னார். கரகம் எடுத்து, மஞ்சள் நீராடி, கரகத்தை ஆற்றில் விட்டால்தான் அவிழ்க்க முடியும், எட்டு நாள் ஆகும் என்றார் கணபதி. வேறு வழியில்லை, கொட்டுகிற கார்த்திகை மழையில் திருவிழா நடந்தது. வழக்கமான விழாவையும் சேர்த்து ஒரே வருடத்தில் இரண்டு தரம் அம்மனுக்கு விழா எடுத்த தோட்டம் ஊவா மாகாணத்திலேயே இது ஒன்றுதான்.

எட்டாம் நாள் கரகம் லயத்தைச் சுற்றி வந்து மதகருகே நின்றபோது பரிமளத்தின் போன் அடித்தது. யசோதினி. "வலி வந்துருச்சும்மா. வாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். பரிமளம் போனை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே பூசாரி முன்னால் போய்க் கையை நீட்டினாள். ஆற்றுக்குப் போய்த் திரும்ப மூன்று மணி நேரம் ஆகுமே என்றார் அவர். லிங்கம் இடையில் புகுந்து, வலி கண்டவுடனே பிள்ளை பிறந்துவிடாது, நாளைக்குக் காலை போகலாம், ராத்திரிக்கு இந்திரஜித் கூப்பிடுவான் என்றார்.

"தலைவரே, அந்தத் தடவ இந்த மதகுல நின்னுதான் புள்ள போனதக் காதால கேட்டேன்" என்றாள் பரிமளம். "நீங்கெல்லாம் பக்கத்துலதான் நின்னீங்க. இந்தத் தடவ கேக்க மாட்டேன். பாக்கப் போறேன்."

மதகைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார்கள். அன்று பதினாறு அடி, இருபத்திரண்டு அடி எல்லாம் போய், ஆற்றங்கரை வரைக்கும் சிக்னல் பரவியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். தனுஜாவின் போன் அடித்தது. அவள் அதை அமர்த்திவிட்டு உள்ளே ஓடி பரிமளத்தின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். கணபதி கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கினார். தப்பு அடிப்பவர்கள் அடித்துக்கொண்டே ஓடினார்கள், கொழும்புக்குப் போக வேண்டிய இருபத்திரண்டு பேரும் அவர்களுக்கு முன்னால் ஓடினார்கள். மூன்று மணி நேர ஊர்வலம் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. ஈரக் கையிலிருந்து காப்பை அவிழ்த்ததும் லிங்கம் கடைசியாக ஒன்று கேட்டார். "ஒரு அவசரம்னா நாங்க ஒங்கள எப்படிக்கா கூப்பிடுறது?"

"கூப்பிடாதீங்க தம்பி. புள்ளைக்கு முப்பது நாள் முடிஞ்சு, பேர் வச்சிட்டு நானே வந்துருவேன்."

பிள்ளை விடியற்காலை பிறந்தது. பெண். பிரசவ அறைக்குள் விட மாட்டார்கள் என்றாலும் கதவுக்கு வெளியே அவள் இருந்தாள், மகள் கத்தியபோது இந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். ஹல்துமுல்லை கொழும்பு ரோட்டில் இருக்கும் ஊர், அங்கே ஏற்கெனவே டவர் இருக்கிறது. எல்லோர் போனிலும் எந்நேரமும் நான்கு கோடு. ஆகவே அங்கே பரிமளம் யாருக்கும் தேவைப்படவில்லை, அவளைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள், மகளுக்குப் பத்தியச் சோறு ஆக்கினாள், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் தூங்கினார்கள். ஊசிப்பாறைக் கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. வர வழியே இல்லை, சிக்னல்தான் அவளோடு வந்துவிட்டதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிங்கம் பதுளை டவுனுக்குப் போய் அங்கிருந்து அடித்தார். பிள்ளைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த பரிமளம் முடித்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டபோது அவர் தோட்டத்து பஸ்ஸில் சிக்னல் இல்லாத வளைவுகளுக்குள் போய்விட்டிருந்தார்.

கீழ்ப்பிரிவில் முதல் வாரம் பதற்றமாகத்தான் இருந்தது. துபாயிலும் கட்டாரிலும் அதைவிடப் பதற்றம். இரண்டாவது வாரம் தனுஜா மேல்பிரிவுக்கு நடந்து போய்ப் புருஷனிடம், இனி ஞாயிற்றுக்கிழமைதான், செத்தால் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து ரொட்டி கருகாமல் சுட்டாள். மூன்றாவது வாரம் லிங்கம் சோறு சாப்பிட்டார்.

முப்பத்திரண்டாம் நாள் மத்தியான பஸ்ஸில் பரிமளம் வந்து இறங்கினாள். சொல்லி அனுப்பாமலே ஊர் மதகருகே கூடியிருந்தது. அவள் பத்து அடி நடந்ததும் சட்டைப் பைகளிலும் இடுப்புகளிலும் மடிகளிலும் ஒரு மாதத்து அழைப்புகள் ஒரேயடியாகக் கத்தத் தொடங்கின. லிங்கத்தின் பையில் இந்திரஜித்துக்கென்று வைத்த பாட்டு கேட்டது. அவர் கை பைக்குப் போய், பிறகு இறங்கியது.

"புள்ள யாரு ஜாடைக்கா?" என்று கேட்டார்.

"மூக்கு எங்க வீட்டுக்காரரு மாதிரி" என்றாள் பரிமளம். சொன்னதும் அழுதாள். தனுஜா அவளை மதகில் உட்கார வைத்தாள். என்ன பெயர், எவ்வளவு எடை, பால் குடிக்கிறதா, ராத்திரி தூங்குகிறதா என்று ஒருவர் விடாமல் கேட்டார்கள். பரிமளம் ஒவ்வொன்றாக, நிதானமாக, சொன்னதையே திரும்பவும் சொன்னாள். அரை மணி நேரம் போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன, அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தன.

மறுநாள் அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். ஊசிப்பாறைக் கீழ்ப்பிரிவில் இப்போது சிக்னல், அவள் மலையிலிருந்து வந்து மதகில் உட்காரும் மாலை நான்கிலிருந்து ஆறு வரைதான். மபாஸ் அதைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அன்றைக்குச் சிக்னல் பேத்தியைப் பார்க்க ஹல்துமுல்லைக்குப் போய்விடும்.