பதினான்காம் வரிசையில் சைபர்

1

1998 மார்ச் 19, வியாழக்கிழமை, முற்பகல் பத்தரை மணி. மாத்தளை நகரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடந்த கணினி வகுப்பில் நானும் புஷ்பவதியும் ஒரே இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தோம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அவள் அலுவிகாரைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்பவள். இருவரும் அன்று கற்றுக்குட்டிகளே. இக்கதை எங்கள் திரையில் தோன்றிய தவறான ஒரு விடையிலிருந்து பிறந்தது.

(“தவறான விடை” என்றே முதற்படியில் எழுதினேன். இப்போது மாற்றத் தோன்றுகிறது. வாசகர் ஐந்தாம் பகுதி வரை பொறுக்க வேண்டும்.)

2

மடுவத்தில் ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். மாதத்தின் முதல் திங்களன்று எடை பார்ப்பார்கள். எடை மிகக் குறைந்த பிள்ளையைத் தோட்டத்து வேன் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும். மாதத்துக்கு ஒரு பிள்ளைதான். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கப் புஷ்பவதி ஒரு புரோகிராம் எழுதினாள். இருபத்திரண்டு எடைகளையும் ஓர் அணியில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, மிகச் சிறியதைச் சொல்ல வேண்டும்.

அது சைபர் என்று சொன்னது.

பயிற்றுநர் றஹீம் குனிந்து பார்த்தார். “சைபர விட மெலிஞ்ச புள்ள எங்கயும் இல்லயே டீச்சர்” என்று சிரித்தார். “மிகச் சிறியது” என்ற இடத்தில் தொடக்கத்திலேயே சைபரை வைத்திருந்தோம். எந்தப் பிள்ளையின் எடையும் அதற்குக் கீழே போகாது. முதற் பிள்ளையின் எடையிலிருந்து தொடங்கும்படி திருத்தினோம்.

மீண்டும் சைபர்.

3

இம்முறை பிழை புரோகிராமில் இல்லை. எடை பார்க்கும் நாளில் வராத பிள்ளைக்குப் புஷ்பவதி சைபர் எழுதியிருந்தாள். வேலைக்கு வராதவரின் பெயருக்கு நேரே சைபர் போடுவது செக்ரோல் என்னும் அந்தத் தோட்டத்து வருகைப் பதிவேட்டின் வழக்கம். அதையே பிள்ளைகளுக்கும் செய்திருக்கிறாள். சைபர் இருந்த பதினான்காம் வரிசை, அந்தத் தோட்டத்து நல்லம்மாவின் பெண் குழந்தையுடையது.

சைபர்களைத் தாண்டிச் செல்லும் வரியொன்று சேர்க்கப்பட்டது.

(இவ்வாக்கியத்தை அடித்து நீக்குகிறேன். செயப்பாட்டு வினை வசதியானது. சேர்க்கச் சொன்னவள் நான்.)

“நிறுக்காத புள்ளைக்குச் சைபர் போடுறது ஒழுங்கில்ல. தாண்டிப் போகச் சொல்லுங்க” என்றேன்.

அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. “அது வராத புள்ள டீச்சர். இல்லாத புள்ள இல்ல.”

“வராதத எப்படி ஒப்பிடுவீங்க?”

அவள் வரியைத் தட்டினாள். திரையில் 6.9 என்று வந்தது. வேறொரு பிள்ளை வேனில் போனது. றஹீம் எங்களைப் பாராட்டினார். நான் மகிழ்ந்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும்.

4

ஏப்ரலிலும் மேயிலும் அதே புரோகிராம்தான். பதினான்காம் வரிசை அப்போதும் சைபர். ஒரு பெயர் மட்டும் அச்சாகி வந்தது. தோட்ட அலுவலகத்தார் அதை ஏற்றுக்கொண்டார்கள். நான் எதையும் கேட்கவில்லை.

ஜூனில் ஒருநாள் புஷ்பவதி வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். நல்லம்மாவின் லயக் குடியிருப்புக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். கதவில் பூட்டு. அடுத்த காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், குடியிருக்கும் சுந்தரம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அந்த ஜனவரியில் கண்டியில் குண்டு வெடித்த பிறகு நடந்த சுற்றிவளைப்பில் நல்லம்மாவின் கணவனைப் பிடித்துச் சென்றிருந்தார்கள். தடுப்புக்காவலில் இருப்பவரைப் பார்க்கத் திங்களன்றுதான் விடுவார்கள். திங்கள்தோறும் அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்டிக்குப் பஸ் ஏறினாள். மற்ற நாட்களில் வீட்டில்தான் இருந்தாள். பிள்ளை தலை நிமிர்த்த முடியாமல் தோளில் கிடந்தது. மெலிந்த பிள்ளையைத் தேடி வேன் வரும் என்று நல்லம்மா சுந்தரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். மே இறுதியில் கணவனைக் கொழும்புப் பக்கம் மாற்றினார்கள். பிள்ளையோடு அவளும் போய்விட்டாள்.

“முன்னெல்லாம் பட்டியலக் கையால பாக்கறப்ப சைபரு கண்ணுல குத்தும். மறுநாளே லயத்துக்குப் போயிருவேன்” என்றாள் புஷ்பவதி. பிறகு, “நீங்க வருத்தப்படாதீங்க டீச்சர். மெசினு நாம சொன்னதத்தானே கேக்கும்” என்றாள்.

5

பதினோர் ஆண்டுகளாக இதற்கு முடிவு எழுதிப் பார்க்கிறேன்.

அ) கொழும்பில் ஒரு தாதி அப்பிள்ளையைக் கண்டு

ஆ) இப்போது பன்னிரண்டு வயதாகும் ஒரு சிறுமி, மாத்தளை பஸ் நிலையத்தில் என்னைக் கடந்து

இ) அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம்

மூன்றையும் பாதியில் விட்டேன். முதலிரண்டும் எனக்காக எழுதியவை. மூன்றாவதை எழுத எனக்குத் துணிவில்லை, சான்றுமில்லை. கொழும்பில் விசாரித்தவர்கள் ஒன்றும் அறியவில்லை. பிள்ளையின் பெயரைக்கூட நான் அப்போது கேட்கவில்லை. புஷ்பவதியின் பதிவேட்டில் அது இருக்கும். இந்தக் கதைக்காக அதை இன்று கேட்டு வாங்குவது முறையாகாது.

அன்று திரை காட்டிய சைபர், போய்ப் பார்க்க வேண்டிய வீட்டைத்தான் காட்டியது. விடை தவறு என்று சொன்னவள் நான்.

6

இறுதியில் தீர்மானித்தவை இவை. 1998 ஜூலை முதல், வராத பிள்ளைகளின் பெயர்கள் முதலில் அச்சாகும். மிகக் குறைந்த எடை அதன் பின்னர். தாண்டிச் செல்லும் வரியைப் புஷ்பவதி எடுத்துவிட்டாள். எடை பார்த்த மறுநாள் அந்தப் பட்டியலோடு அவள் லயங்களுக்குப் போனாள். என் முழங்கால் இடங்கொடுத்த வரையில் நானும் போனேன். நல்லம்மாவின் பிள்ளையை எந்த மாதப் பட்டியலிலிருந்தும் நீக்குவதில்லை என்று முடிவு செய்தோம்.

இக்கதைக்கு முடிவு எழுதுவதில்லை என்பது என் தீர்மானம். பதினான்காம் வரிசையில் சைபர் இருக்கிறது. வாசகர் அதைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.