இடப்பக்கத் தண்டு

பிப்ரவரி இருபத்தாறு, வியாழக்கிழமை. இரவில் விழுந்த உறைபனி நண்பகல் கடந்தும் பின்முற்றத்துச் சுவரடியில் உருகாமல் கிடந்தது. காற்று தோலை உரித்தது.

சின்னவள் தந்தையின் உதடுகளை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது பின்கதவை யாரோ உதைத்துத் திறந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் கதவை உதைத்துத் திறப்பவர்கள் இருவர்தாம். ஒருவர் கட்டிலில் கிடந்தார்.

மற்றவன், அவள் அண்ணன், பதினொரு ஆண்டுகளுக்குப் பின் வந்திருந்தான். சமையலறையைத் தாண்டி ஓரடியும் எடுத்துவைக்காமல், வலது மணிக்கட்டைத் தேய்த்தபடி நின்றான். ஒன்பது வயதில் அவன் எறிந்த பந்து, பின்முற்றத்துச் சுவரில் அப்பா வளர்த்த கிளெமாட்டிஸ் பூங்கொடியின் ஒரு கிளையை முறித்தது. அன்று மாலையே அப்பா அந்த மணிக்கட்டை முறித்தார். எலும்பு கோணலாகவே கூடியது.

பேருந்துப் பணிமனையில் அவருக்குச் ‘சுத்தியல்’ என்று பெயர். வீட்டிலும் அவர் அப்பெயருக்குக் குறை வைக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு காது போயிற்று. சின்னவளுக்கு ஒரு முன்பல். அதே கைகள்தாம் கொடியின் வேரில் வெயில் படாதிருக்கத் தட்டைக் கற்களை அடுக்கின; இலைக்காம்புகள் பற்றிக்கொள்ளக் கம்பிவலை கட்டின; கயிறு உறுத்துமென்று பழைய துணிக் கீற்றுகளால் தண்டுகளை முடிந்தன. கோடைதோறும் உள்ளங்கையளவு ஊதாப் பூக்கள் சுவரை மூடும். உயிரோடிருந்த நாளில் அம்மா அவற்றைப் பார்த்து, “இந்த வீட்டுல செடியா பொறந்திருக்கலாம்” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

சின்னவளுக்கு இருந்தது ஒரே அச்சம். அண்ணன் அந்த அறைக்குள் நுழைந்தால் அப்பாவின் சாவு தானாக நிகழாது.

“ஒரு தடவ பாத்துடுறியாண்ணா?”

“உள்ள வந்தா என் கை சும்மா இருக்காது. கத்திரி எங்க?”

கிளை வெட்டும் கத்திரி தொங்கிய ஆணியை அவள் கண்ணாலேயே காட்டினாள். கட்டிலில் கிடக்கும் கழுத்துக்குப் பதிலாகக் கொடி போகட்டும். அவன் கதவோரத்துக் கடப்பாரையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டான்.

அவள் அறைக்குத் திரும்பியபோது சன்னலுக்கு வெளியே வேலை தொடங்கியிருந்தது. அவன் தண்டுகளைக் கடித்துக் குதறுவதுபோல் வெட்டினான். வலையைக் காலால் மிதித்துப் பிய்த்தான். கம்பி கிழித்து உள்ளங்கையில் வழிந்த இரத்தத்தைச் சுவரில் துடைத்துவிட்டு மீண்டும் வெட்டினான். காய்ந்த கொடி கொத்துக்கொத்தாகச் சரிந்தது.

திரையை இழுக்கப் போனவளின் கையை அப்பா பற்றினார். சாகும் நேரத்திலும் அந்தப் பிடி வலித்தது.

“பெரியவனா?”

“ஆமாப்பா.”

வசவை எதிர்பார்த்து அவள் குனிந்தாள்.

“நான் படுத்துட்டேனே... இந்த வருசம் யாரு வெட்டுவான்னு கெடந்தேன்.” மூச்சு இரைத்தது. “இப்பதான் வெட்டணும். தரைக்கு மேல ஒரு சாண் விட்டு, மொத்தமா. அப்பதான் பூக்கும்.”

ஆண்டுதோறும் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவர் அதைச் செய்திருக்கிறார். பனியில் கொடி தானாகவே பட்டுப்போகிறது என்றுதான் அவர்கள் இருவரும் எண்ணியிருந்தார்கள்.

“இடப்பக்கத் தண்டு நீளமா நிக்குது. மொட்டுக்கு மேல ஒட்ட வெட்டச் சொல்லு.” சற்றுப் பொறுத்து, “அவனுக்குக் கை நல்லா வருது” என்றார்.

அவர் வாயிலிருந்து எந்தப் பிள்ளையும் அப்படியொரு சொல்லைக் கேட்டதில்லை.

அவள் வெளியே ஓடியபோது கடப்பாரை தட்டைக் கற்களுக்கு அடியில் இறங்கியிருந்தது. வேரின்மேல் ஏறி நின்றாள்.

“தள்ளு.”

அவள் தள்ளவில்லை. அவன் தள்ளினான். சுவரில் மோதிய அவள் வாயிலிருந்து இரத்தம் பனியில் சொட்டியது. ஓங்கியபடியே நின்ற அவன் கையை இருவரும் பார்த்தார்கள். அந்த ஓங்கலை இருவருக்கும் தெரியும்.

அவள் எழாமலே, அப்பா சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். வெட்ட வேண்டிய பருவம், ஒரு சாண் அளவு, நீண்டு நின்ற தண்டு, எல்லாவற்றையும். கை நல்லா வருது என்றதைக் கடைசியில் சொன்னாள்.

அவன் கடப்பாரையால் சுவரை அறைந்தான். மூன்று முறை. காரை பெயர்ந்து விழுந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு அதைக் கீழே போட்டான்.

நெடுநேரம் கழித்து மண்டியிட்டான். இடப்பக்கத் தண்டில் எதிரெதிராக இரு பச்சை மொட்டுகள், நெல்மணியளவில், புடைத்திருந்தன. கத்திரியை அவற்றுக்கு மேலே வைத்தான். கோணலான வலது மணிக்கட்டை இடக்கையால் பிடித்துக்கொண்டு ஒட்ட வெட்டினான். சன்னலை நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடியில் வானம் மட்டுமே தெரிந்தது.

சின்னவள் உள்ளே போனாள். அப்பாவின் கண்கள் சன்னலைப் பார்த்தபடி திறந்திருந்தன. மருத்துவர் கேட்பாரென்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம்.