வேலைக்காரன் வாங்கும் அறை

குஜராத்திப் படங்களில் பல வருடம் கதாநாயகனின் வேலைக்காரனாக நடித்தேன். என் வேலையே கன்னத்தில் அறை வாங்குவதுதான். நான் வாங்கினால்தான் ராஜ்கோட் தியேட்டர்களில் விசில் பறக்கும். பிறகு திரைக்கதை எழுத வந்தேன். "என் படத்தில் எவனும் வேலைக்காரனைக் கைநீட்டி அடிக்க மாட்டான்" என்று பார்க்கிற பத்திரிகைக்கெல்லாம் பேட்டி கொடுத்தேன்.

இப்போது எழுதிய படத்தின் தயாரிப்பாளர், "இடைவேளைக்கு முன்னாடி சிரிப்பே இல்லையே, ஹசித்பாய்" என்றார். மறுபேச்சில்லாமல் ஓர் அறையை எழுதிக் கொடுத்தேன். வாங்க வேண்டியவன் தன்சுக், நாடக நாளிலிருந்து என் சிநேகிதன்.

படப்பிடிப்பில் இளம் கதாநாயகனுக்குக் கை வரவில்லை. "வயசானவரு சார், எப்படி அடிக்கறது?" என்றான். இயக்குநர் என்னைப் பார்த்தார். "நீங்க வாங்காத அறையா? ஒரு தடவை வாங்கிக் காட்டுங்களேன்."

போய் நின்றேன். இயக்குநரின் அறை விழுந்ததும் கண்ணை உருட்டி, கையிலிருந்த ஃபாஃப்டாத் தட்டோடு பொத்தென்று விழுந்தேன். பலகாரம் சிதறியது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"இன்னொரு தடவை காட்டட்டுமா?" என்றது என் வெட்கங்கெட்ட வாய்.

தன்சுக் மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கிவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த துணுக்குகளைத் தட்டினான்.

"வேஷத்தையும் நீயே வெச்சுக்கடா ஹசித். பேட்டிய வேணா நான் குடுத்துக்கறேன்."